தலைவர் வீட்டுக் கடைவாய்ப் பல்

ஒரு தேசத்தின் எதிர்காலம் அதன் அணைக்கட்டுகளில் இல்லை, ஆலைகளில் இல்லை, சட்டசபையிலும் இல்லை. அது அந்தத் தேசத்துக் குழந்தைகளின் கடைவாய்ப் பற்களில் இருக்கிறது.

1964-ஆம் வருடம், பொங்கல் கழிந்த வாரத்தில், விழுப்புரத்தில் நடந்த பாலர் பல் பாதுகாப்புச் சங்கத்தின் தொடக்க விழாவில் அதன் தலைவர் அரங்கநாதன் இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தார். உலகின் சார்பில் ரயில்வே காலனிக்காரர்கள் சிலரும், அவருடைய அரிசி ஆலை ஆட்கள் எல்லாரும் வந்திருந்து கைதட்டினார்கள். அதே நேரத்தில் அவருடைய எட்டு வயது மகள் தையல்நாயகி, கிராம்பு வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு, வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மேல்வரிசைக் கடைவாய்ப் பால்பல் ஒன்றில் பள்ளம். அரை மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலை, அதில் தாராளமாகக் குடியேறலாம். குடியேறியும் இருந்தது.

அரிசி ஆலைக்காரருக்குப் பல்லில் என்ன அக்கறை என்று கேட்டவர்கள் உண்டு. விழுப்புரத்தில் மற்ற எதற்கும் தலைவர் பதவி காலியாக இல்லை என்பதுதான் விஷயம். கோயில் கமிட்டிக்கு ஒருவர் இருந்தார், நூலகத்துக்கு ஒருவர், மாடுகளுக்குக்கூட ஒருவர். குழந்தைகளின் பல் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. அரங்கநாதன் அதைத் தத்து எடுத்துக்கொண்டார்.

சங்கம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பொது. எந்த ஊரின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை, பெயரில் ஊரே வேண்டாம் என்பதில் முடிந்திருந்தது. ஆனால் தலைமையகம் ஏதாவது ஓர் ஊரில் இருந்துதானே ஆக வேண்டும்? தலைவர் எந்த ஊரோ அந்த ஊரில் தலைமையகம். ஒரு பீரோ, இரண்டு பெஞ்சு, ஒரு பெயர்ப்பலகை. தலைவர் நாற்காலிக்குப் போட்டியாக எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். திண்டிவனத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த சமணர், பார்சுவநாத நயினார். சங்கத்தின் துணைத் தலைவர். கடையிலும் சரி, கூட்டத்திலும் சரி, குரலை உயர்த்தாமலேயே சாமானைத் தள்ளிவிடுகிற மனிதர்.

விழா முடிந்து மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்த அரங்கநாதனை மனைவி பாஞ்சாலி வாசலிலேயே நிறுத்தினாள்.

“ஊரு புள்ளைங்க பல்ல பாத்து முடிச்சிட்டீங்கன்னா, வூட்டுப் புள்ள பல்ல ஒரு வாட்டி எட்டிப் பாருங்க.”

பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வந்த முதல் கவலை வலியைப் பற்றியது அல்ல.

“சொத்தையா? நம்ம வூட்லயா? வெளிய யாருக்காவது தெரியுமா?”

“பல்லுக்குத் தெரியும்.”

“வெளையாடாத. நான் இப்பத்தான் மைக்குல, பிள்ளைங்க பல்லு சொத்தையானா அது பெத்தவங்க குத்தம்னு சொல்லிட்டு வர்றேன்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றாள் பாஞ்சாலி. “அவ ராப்பூரா முனகிக்கினே கெடந்தா. பொங்கலுக்கு வந்த கரும்ப கண்ணால பாத்துக்கினு ஒக்காந்திருந்தா. புடுங்கிடலாமான்னா, பக்கத்து வூட்டம்மா, புதுப்பல்லு கோணலா மொளைக்கும்னு சொல்றாங்க. திண்டிவனத்து டாக்டர்கிட்ட காட்டணும்.”

“திண்டிவனத்துலயா?” என்றார். எதிரி ஊர்.

“வலி ஊரு பாக்காதுங்க.”

மறுநாள் மூன்று பேரும் பாசஞ்சர் வண்டி ஏறிப் போனார்கள். தலைவர், தன்னை யாராவது பார்த்துவிட்டால் சங்க வேலையாக வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு கட்டு நோட்டீசையும் கையில் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் அந்தோணிசாமி மதராஸில் பல் மருத்துவம் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் பலகை மாட்டியவர். பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். அதனால் பெயர் இரண்டாவது வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. அவர் தையல்நாயகியின் வாயைப் பார்த்தார், பள்ளத்தைச் சுரண்டினார், மருந்து வைத்தார். வலி நின்றது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் ஒரு காபி சாசரில் மூன்று சின்னப் பல் உறைகளை வைத்துத் தலைவர் முன்னால் நீட்டினார்.

“பல்லு ஓரம் ரொம்ப போயிடுச்சுங்க. வெறுமன அடைச்சா நிக்காது. முழுசா ஒரு கேப் போட்டு மூடணும். மூணு விதம் இருக்குது. பாருங்க.”

முதலாவது வெள்ளை. பிளாஸ்டிக் மாதிரிச் சாமான். “பாக்கறதுக்கு அசல் பல்லு. ஆனா பல்ல நெறைய ராவித் தேய்க்கணும். புள்ளைங்க முறுக்கு கடிக்கும், பென்சில் கடிக்கும். ஒடஞ்சிடும். ஒடையலன்னா நாளாவ நாளாவ கலரு மாறிடும். முன்பல்லுக்கு ஆவும். கடைவாய்க்கு நான் போட மாட்டேன்.”

இரண்டாவது தங்கம். “இது நல்ல சாமான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஈறுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா அளவெடுக்கணும், மெழுகுல செய்யணும், வார்க்கணும். நாலஞ்சு தடவ வரணும். எட்டு வயசுப் புள்ள அத்தன தடவ வாயத் தொறந்துக்கினு ஒக்காராது. சொக்கத் தங்கம்னா மெத்துனு இருக்கும், மென்னு மென்னு தேஞ்சிடும்.”

மூன்றாவதை அவர் கையில் எடுத்தார். அப்போது அவர் முகத்தில், கடைசி மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற தகப்பனின் களை வந்தது. “இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம்ம எவர்சில்வர். அமெரிக்காவுல புள்ளைங்களுக்கு இதத்தான் போடறான். ரெடிமேட். சைசு சைசா வருது. நம்ம பல்லுக்கு எது சேருதோ அத எடுத்து, ஓரத்த கத்திரிக்கோலால நறுக்கி, குறடால வளைச்சு, சிமெண்ட் வச்சு அமுக்கினா முடிஞ்சுது. ஒரே ஒக்காரு. பல்லு தானா விழற வரைக்கும் அசையாது.”

“விழற வரைக்குமா?”

“பால்பல்லு தானே? பத்து வயசுக்கு மேல தானா விழும். அடியில இருக்கற புதுப்பல்லுக்கு எடம் புடிச்சு வக்கறதுதான் இதோட வேல. ரயில்ல துண்டு போட்டு சீட் புடிக்கற மாதிரி.”

அரங்கநாதன் மூன்றாவது உறையை ஆள்காட்டி விரலால் தள்ளிவிட்டார்.

“ஏன் டாக்டர், என் பொண்ணு வாயில டம்ளர் செய்யற தகரத்த வைக்கச் சொல்றீங்களா?”

“தகரம் இல்லீங்க, எவர்சில்வர்.”

“அந்த நயினார் கடையில தொங்குதே, அதுதானே? நாளைக்கு அவரு மேடையில நின்னுக்கினு, தலைவர் வூட்டுப் பல்லே என் சரக்குதான்னு சொல்றதுக்கா? தங்கம் போடுங்க.”

“விழப்போற பல்லுக்கு எதுக்குங்க தங்கம்?”

“விழற பல்லா இருந்தாலும் என் வூட்டுப் பல்லு.”

டாக்டர் பாஞ்சாலியைப் பார்த்தார். பாஞ்சாலி சாசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கம் என்று முடிவானாலும் காரியம் அவ்வளவு சுலபமாக இல்லை. போன வருடம்தான் தங்கக் கட்டுப்பாடு வந்திருந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்ற பேச்சு ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தது. தங்கப் பல் நகையா, உறுப்பா என்று சங்கத்தின் செயற்குழு ஒரு மாலை முழுவதும் விவாதித்தது. வாயைத் திறந்தால் நகை, மூடினால் உறுப்பு என்று ஓர் உறுப்பினர் சொன்னதை, அவசியம் வந்தால் வாயை மூடிக்கொள்ளலாம் என்ற குறிப்புடன் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

தங்கத்துக்கு எங்கே போவது? பாஞ்சாலியிடம் ஒரு ஜோடி சிவப்புக்கல் கம்மல் இருந்தது. தாய்வீட்டுச் சீதனம். அரங்கநாதன் அதைக் கேட்பதற்கு முன்னால் குரலைச் சரிசெய்துகொண்டு, தியாகத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பேச்சு பாதியைத் தாண்டுவதற்குள் பாஞ்சாலி கம்மலைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள்.

“அவ்ளோதானே? நானே புள்ளைய கூட்டிக்கினு போயி, டாக்டர்கிட்ட குடுத்து, வேலைய முடிச்சிக்கினு வர்றேன். நாளைக்கு உங்களுக்கு கமிட்டி மீட்டிங் இருக்குதுல்ல?”

பாஞ்சாலி எதையும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணத்தின்போது பாயசத்தில் முந்திரி போடும் விஷயத்தில்கூட அவள் பக்கம்தான் வென்றது. அரங்கநாதன் இதைத் தன் பேச்சு வன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் தையல்நாயகி திரும்பி வந்தாள். வாயைத் திறந்தாள். இடது பக்க மேல்வரிசையில் மஞ்சளாக மின்னியது.

“முடிஞ்சிடுச்சா? தங்கம்னா நாலஞ்சு தடவ வரணும்னாரே?”

“உங்க பேர சொன்னேன்” என்றாள் பாஞ்சாலி. “ஒரே ஒக்காருல முடிச்சிட்டாரு.”

அரங்கநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். நியாயமான விளக்கமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து தையல்நாயகிக்கு வலி போயிற்று, நிம்மதியும் போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும், “பாப்பா, வாயத் தொற” என்பார் அப்பா. நெல் வியாபாரிகள் பார்த்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்தார், ஓட்டு கேட்டு வந்தவர்கள் பார்த்துவிட்டு இரு கை கூப்பினார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நின்று வாயைத் திறக்கப் பழகிவிட்டாள். தபால்காரர் ஒரு முறை பயந்துபோனார்.

பார்சுவநாத நயினாரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மகள் ரத்னமாலாவுக்கும் அதே வயது. அவளுக்கும் ஒரு கடைவாய்ப் பால்பல் சொத்தை. அவர் ஊரறிய அந்தோணிசாமியிடம் கூட்டிப் போய் எவர்சில்வர் உறை போட்டார்.

“எங்க புள்ள வாயில ஒளிவு மறைவு கெடையாதுங்க” என்று தன் கடைக்கு வருகிறவர்களிடம் மெல்லச் சொல்வார். “குடம் எப்படியோ பல்லும் அப்படி. தேச்சா பளபளன்னு இருக்கும்.”

இப்படியாகத் தென்னாற்காடு ஜில்லாவில் தங்கக் கட்சி, எவர்சில்வர் கட்சி என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. தங்கக் கட்சி மேடைகளில், எவர்சில்வர் வாய்க்குள் துருப்பிடிக்கும், குழந்தை பேசும்போது பாத்திரம் உருளும் ஓசை வரும் என்றது. எவர்சில்வர் கட்சி, தங்கம் வைத்த குழந்தையை இருட்டில் தெருவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டது. பிளாஸ்டிக்குக்குக் கட்சி இல்லை. வளவனூரில் ஒரே ஒருவர் ஆதரித்தார், அவரும் பொம்மை வியாபாரி. டாக்டர் அந்தோணிசாமி இரண்டு கட்சி மேடைகளிலும் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்து, இரண்டு பேச்சுகளுக்கும் ஒரே மாதிரி புன்னகை செய்துகொண்டிருந்தார்.

1965 நவம்பர் பதினாலு, குழந்தைகள் தினம். சங்கத்தின் ஆண்டு விழாவை அன்றைக்கே வைத்தார்கள். தீர்மானம் தயாராக இருந்தது: இரு கட்சிக் குழந்தைகளும் மேடையில், சபையார் முன்னிலையில், திருவெண்ணெய்நல்லூர்க் கரும்பைக் கடைவாயால் கடித்துக் காட்ட வேண்டும். எந்த உறை தாங்குகிறதோ அதுவே சங்கத்தின் உறை. அந்தக் கட்சிக்காரரே அடுத்த தலைவர். பீரோவும் பெஞ்சும் அவர் ஊருக்கு. யோசனை அரங்கநாதனுடையது. கிட்டத்தட்ட இரண்டு வருடமாகத் தன் வீட்டுப் பல் முறுக்கையும் சீடையையும் நொறுக்குவதைப் பார்த்து வந்தவர். அவருக்குச் சந்தேகமே இல்லை.

விழா விழுப்புரத்தில், ஆரம்பப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பழைய ஓட்டுக் கட்டடத்தில். அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டிருந்தார்கள். தலைவர் தன் பட்டு அங்கவஸ்திரத்துக்கு மடிப்புச் சரியாக விழும் வரையில் கிளம்பவில்லை. அவர் வந்து இறங்கியபோது நாலரை தாண்டிவிட்டது. அப்போதுதான் சங்கச் செயலாளரும் அவருடைய ஆலை குமாஸ்தாவுமான கண்ணையன் காதோரம் வந்து சொன்னான்:

“மொதலாளி, இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாலரைக்கு மேல ராகு காலம் பொறந்துடுச்சு.”

பல்லுக்கு முதல் எதிரி மூடநம்பிக்கை என்று அன்றைய தலைமையுரையின் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அரங்கநாதன் உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“ராகு காலத்துல நான் இன்னா செய்யப்போறேன், எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. வந்திருக்கறவங்க மனசு சங்கடப்படக் கூடாது பாரு. ஆறு அடிச்சதும் ஆரம்பிப்போம்.”

ராகு காலம் கழிகிற வரைக்கும் எல்லாருக்கும் மல்லாட்டை உருண்டையும் காபியும் கொடுத்தார்கள். தையல்நாயகியும் ரத்னமாலாவும் ஆளுக்கு ஒரு உருண்டையுடன் கட்டடத்தின் பின்பக்கம், வண்டி மாடுகள் கட்டியிருந்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

“ஜல்தி துன்னு” என்றாள் ரத்னமாலா. “பொழுது போறதுக்குள்ள நான் துன்னாவணும். அப்புறம் எங்க வூட்ல ஒண்ணும் துன்னக் கூடாது.”

அவள் உருண்டையை எவர்சில்வர் பக்கத்திலேயே வைத்து நறநறவென்று மென்றாள். இரண்டு ஊர்களும் பார்க்கத் துடித்த காட்சி அது. பார்த்தது இரண்டு மாடுகள்.

தையல்நாயகி பாதி உருண்டையில் நிறுத்தினாள். நாக்கால் துழாவினாள். நாலைந்து நாளாக ஆடிக்கொண்டிருந்த பல் கைக்கு வந்துவிட்டது, உறையோடு.

“அய்ய, வந்துடுச்சா? வலிக்குதா?”

“இல்ல. கூச்சமாத்தான் இருக்குது.”

“அப்பாகிட்ட சொல்லல?”

“அவரு உள்ள எல்லாருக்கும் கும்புடு போட்டுக்கினு இருக்காரு. அதுவுமில்லாம பல்ல கையில வச்சுக்கினே இருந்தா மொளைக்காதாம்.”

விழுந்த பால்பல்லை என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாத குழந்தை அந்தப் பக்கத்தில் கிடையாது. அதற்குச் சங்கமும் தீர்மானமும் வேண்டியிருக்கவில்லை. தையல்நாயகி மாட்டுக்குப் பின்னால் போய்ச் சுடச்சுடக் கொஞ்சம் சாணி எடுத்தாள், பல்லை நடுவில் வைத்து உருட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுக் கூரைமேல் வீசினாள். கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினாள். முன்னால் விழுந்த பல்லுக்கெல்லாம் இப்படித்தான் செய்தாள், முளைத்தும் இருந்தது.

ஆறு அடித்தது. ஐப்பசிக் கடைசிப் பொழுது யாருக்காகவும் காத்திருப்பதில்லை, வெளியே இருட்டிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றி, கடவுள் வாழ்த்துப் பாடி, வரவேற்பு சொல்லி முடித்ததும் இரண்டு கரும்புத் துண்டுகளைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மரியாதைக்கு விருந்தாளி ஊரை முதலில் அழைத்தார் அரங்கநாதன்.

நயினார் எழுந்து கைகூப்பினார். முகம் வாடியிருந்தது. “மன்னிக்கணும் தலைவரே. பொழுது போயிடுச்சுங்க. எங்க புள்ள இனிமே வாயில ஒண்ணும் வைக்காது.”

“கரும்ப முழுங்க வாணாம் நயினாரே, கடிச்சா போதும்.”

“கடிச்சா சாறு எறங்கும்லீங்க. நாலு மணின்னு போட்டிருந்தீங்க, நம்பி வந்தோம்.”

தங்கக் கட்சி கலகலவென்று சிரித்தது. அரங்கநாதனுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. “சரக்குமேல நம்பிக்கை இருந்தா சூரியன் இன்னா, சந்திரன் இன்னா” என்று மைக்கில் சொன்னார். “தங்கத்துக்கு ராத்திரி பகல் கெடையாது. சபையோர்களே, இதோ என் மகள். இவள் வாயிலே இருப்பது வெறும் பல் அல்ல. ஒரு கொள்கை. பாப்பா, வாயத் தொற.”

தையல்நாயகி வழக்கம்போல முன்னால் வந்து வாயை அகலத் திறந்தாள். முதல் வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டாம் வரிசை. கொள்கை இருந்த இடத்தில் சிவப்பாக ஓர் ஓட்டை இருந்தது. அதன் நடுவில் வெள்ளையாக, அரிசிக் குருணை அளவுக்கு ஏதோ எட்டிப் பார்த்தது.

“எங்கடி?” என்றார் மைக்கில்.

“கூரை மேல போட்டுட்டேன்ப்பா.”

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஏணி வந்தது. கண்ணையன் டார்ச் விளக்கோடு கூரை ஏறினான். கீழே பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைவர் நின்றார்.

“கெடச்சுதா?”

“கெடச்சுதுங்க” என்று மேலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொண்ணும் கெடச்சுதுங்க” என்றது. அப்புறம், “மொதலாளி, இங்க ஓட்டுக்கு ஓடு சாணி உருண்டையா இருக்குது” என்றது.

பக்கத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஐந்து வகுப்புக் குழந்தைகளும் வருடக்கணக்காகத் தங்கள் பற்களை அந்தக் கூரையிடம்தான் ஒப்படைத்து வந்திருந்தார்கள். கண்ணையன் கூடையில் வாரி வாரி இறக்கினான். ஈரமாக இருப்பது எது, காய்ந்தது எது என்று டார்ச் வெளிச்சத்தில் அவனால் பிரிக்க முடியவில்லை. பாலர் பல் பாதுகாப்புச் சங்கத்தின் செயற்குழு வட்டமாக உட்கார்ந்து உருண்டைகளை உடைத்தது.

“மெதுவா ஒடைங்க” என்றார் நயினார், தன் பங்கை ஒரு குச்சியால் நெம்பிக்கொண்டே. “உள்ள பூச்சி எதுனா உயிரோட இருக்கும்.”

உடைக்க உடைக்கப் பல் வந்தது. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல். எல்லாமே சொத்தை. சங்கம் இரண்டு வருடமாக மேடையில் தேடிய பல் சேதமெல்லாம் தலைக்கு மேலேயே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. டாக்டர் அந்தோணிசாமி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, “அடடா” என்று சொல்லி, கைக்குட்டையில் சேகரித்துக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலி மட்டும் எழுந்திருக்கவில்லை. தாய்வீட்டுச் சீதனத்தைத் தேடி ஊரே சாணி பிசைகிறது. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து, மகளுக்குப் பின்னல் அவிழ்ந்திருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று பக்கத்திலிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் ஈர உருண்டை தலைவர் கைக்கே வந்தது. உடைத்தார். மஞ்சளாக மின்னியது. பன்னீர்ச் சொம்பில் கழுவி, இரண்டு விரலால் பிடித்து, மேடையேறி, விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க. பல்லு விழுந்துது. தங்கம் விழுந்துதா? கடைசி வரைக்கும் பல்ல விட்டுச்சா? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?”

கைதட்டல் எழுந்தது. அந்த உற்சாகத்தில் அதை எதிர்க்கட்சித் தலைவரின் உள்ளங்கையிலேயே வைத்தார். “நீங்களே பாத்துச் சொல்லுங்க நயினாரே.”

நயினார் வியாபாரி. சரக்கைக் கையில் கொடுத்தால் திருப்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார். பக்கவாட்டில் பார்த்தார்: மஞ்சள். கவிழ்த்து, மெல்லுகிற பக்கத்தைப் பார்த்தார். அங்கே மஞ்சள் தேய்ந்துபோய், வெள்ளை வெளேர் என்று இருந்தது. நகத்தால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். தினமும் குடத்தையும் டம்ளரையும் தட்டிப் பார்க்கிற நகம்.

“தலைவரே, இது நம்ம சரக்குங்க” என்றார் மெல்ல.

மைக் பக்கத்தில் இருந்ததால் அந்த மெல்லிய குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

அரங்கநாதன் வாங்கிப் பார்த்தார். மேல்வரிசைப் பல்லை எல்லாரும் கீழே நின்று பக்கவாட்டில்தான் பார்த்திருந்தார்கள். மெல்லுகிற பக்கத்தைப் பார்த்தவர்கள் முறுக்கும் சீடையும்தான். அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், இன்னா இது?”

“பல்லுங்க” என்றார் அந்தோணிசாமி, சாவதானமாக. “விழ வேண்டிய வயசுல, தானா விழுந்திருக்குது. அடியில புதுப்பல்லு நேரா எறங்கிக்கினு இருக்குது. அதுக்குத்தானே கேப் போட்டோம்?”

“கேப்பு இன்னா கேப்பு?”

“எவர்சில்வர். மேல தங்க முலாம். கவரிங் வேல செய்யற ஆளு ஒருத்தரு கடைத்தெருவுல இருக்காரு, அவருகிட்ட பூசி வாங்கினோம். அம்மாதான் சொன்னாங்க: புள்ளைக்கு எது நல்லதோ அத போடுங்க, அவருக்கு எது நல்லதோ அத மேல பூசுங்கன்னு.”

தையல்நாயகிக்கும் இது முதலிலிருந்தே தெரியும். இரண்டு வருடமாக அவளை வாயைத் திறக்கச் சொன்னவர்கள் உண்டு. பேசச் சொன்னவர்கள் இல்லை.

சபை கொஞ்ச நேரம் தலைவரைப் பார்த்தது. பிறகு, நாகரிகம் கருதி, கூரையைப் பார்த்தது. இரண்டு குழந்தைகளின் வாயிலும் இருந்தது எவர்சில்வர்தான் என்பதால் கரும்பு கடிக்காமலேயே தீர்மானம் முடிவாகிவிட்டது. நயினார் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, “பீரோவையும் பெஞ்சையும் நீங்க சிரமப்பட்டு அனுப்ப வாணாம் தலைவரே, நாளைக்கு நம்ம வண்டியே விழுப்புரம் வருது” என்றார்.

தங்கக் கட்சியின் கடைசி ஆதாரம் ஒன்று பாக்கி இருப்பது அரங்கநாதனுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அவர் மைக்கை விட்டு விலகக்கூட மறந்து, முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப அந்த சிவப்புக்கல் கம்மல் எங்க?”

கம்மல் பாஞ்சாலியின் காதில் இருந்தது. திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்து, தினமும் அங்கேதான் இருந்தது.